வெள்ளைக் கட்டம்

கட்டம் கறுத்துக் கிடந்தது.

தீபலட்சுமி குப்பியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் கறுப்புதான்.

அவளுக்குப் பின்னால் குடியிருப்பே திரண்டு நின்றது. இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று பிள்ளைகளோடு வந்து, என் பிள்ளைக்கு முதலில், உன் பிள்ளைக்கு முதலில் என்று முண்டியடிக்கிற தாய்மார்கள். இந்தக் காட்சிக்காகத்தானே அவள் இத்தனை நாள் நாயாய் அலைந்தாள்.

போன சுற்றில் நர்சம்மாவான அவள் தலை தெரிந்ததுமே, ஆட்டுக் கிடை போட்டுப் பிழைக்கிற கிடைக்காரர் குடியிருப்பு காலியாகிவிட்டது. போலியோ சொட்டு மருந்து பிள்ளைகளுக்கு ஆகாது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். மாடத்தி என்கிறவள் ஒரு படி மேலே போனாள். மகனை ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற கூடைக்குள் போட்டு மூடி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். கூடைக்குள் தும்மல் கேட்டது.

“குட்டிக்குச் சளி” என்றாள், முகத்தை வெகு நேராக வைத்துக்கொண்டு.

பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கால் துவண்டுபோன பிறகுதான் பேச்சு மாறியது. இந்தச் சுற்றுக்கு அவர்களே ஆள் அனுப்பினார்கள். வந்தால் இன்றைக்கே வர வேண்டும், விடிந்தால் ஆடுகளைப் பத்திக்கொண்டு குடும்பத்தோடு மேற்கே சங்கரன்கோவில் பக்கம் போய்விடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். சேதி கேட்டதும் தீபலட்சுமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில் எஞ்சியிருந்த ஒரே குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்தக் குப்பியின் லேபிளில் சின்னதாக ஒரு ஊதா வட்டமும் அதன் நடுவே ஒரு வெள்ளைக் கட்டமும் அச்சாகியிருக்கும். மருந்துக்குச் சூடு ஏற ஏறக் கட்டம் கறுக்கும். கட்டம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்ல மருந்து. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதை விடுவதும் ஒன்று, பச்சைத் தண்ணீரை விடுவதும் ஒன்று. புதிதாக வந்த ஏற்பாடு. நர்சுகளுக்கு மட்டும் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வந்து இறங்கியதும் எடுத்துப் பார்த்தாள். பளிச்சென்று வெள்ளை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அப்படி என்னதான் இருக்கிறது என்று பெண்கள் ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்தார்கள். வியந்தார்கள். சின்னக் குப்பியாக இருந்தாலும் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். இருந்த சந்தோஷத்தில் தீபலட்சுமியும் தடுக்கவில்லை. குப்பியைத் திரும்ப ஐஸில் வைத்துவிட்டு, மாடத்தியைப் பெட்டிக்குக் காவல் வைத்து, ஆட்டுப் பட்டியடியில் நின்ற மிச்சப் பெண்களையும் கூட்டிவரப் போனாள்.

கூட்டி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். கட்டம் கறுத்துக் கிடந்தது.

ஐஸ் என்னவோ கட்டியாகத்தான் இருந்தது. பின்னே எப்படி? மாடத்தி பெட்டியை வெயிலில் வைத்துவிட்டாளா? போன சுற்றுக் கோபத்தில் வேண்டுமென்றே எதுவும் செய்துவிட்டாளா?

பேசாமல் இதையே பிள்ளைகளுக்கு விட்டுவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்திலேயே உடம்பு கூசியது. மருந்து கெட்டது என்று சொன்னால் இந்தக் கூட்டம் இன்றோடு கலைந்துவிடும். அப்புறம் எந்தச் சுற்றுக்கும் ஒரு பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டார்கள். இதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

குப்பியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

“மருந்து கெட்டுப் போச்சு தாயீ. இந்தா, கட்டம் கறுத்துட்டு. இத உங்க பிள்ளையளுக்கு விட மாட்டேன்.”

முண்டியடித்த கூட்டம் அப்படியே நின்றது. யாரோ ஒருத்தி பிள்ளையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

மாடத்தி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகன் அவள் இடுப்பில் இருந்தான். குப்பியை எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எப்படிக் கெடும்? நான் இங்கன விட்டு அசையலையே. இவளுவ எல்லாம் மாறி மாறி வாங்கி, அழகு அழகுன்னு கண்ணு வச்சாளுவ. நடுவுல பொட்டு இல்லாம மூளியா வேற இருந்துச்சு. பிள்ளை வாயில போற மருந்துக்குக் கண்ணு பட்டுறக் கூடாதேன்னு நாந்தான் பிள்ளைக்கு வைக்கிற மையை ஈர்க்குச்சியில தொட்டு வச்சேன்.”

தீபலட்சுமி கட்டைவிரலால் லேபிளைத் தேய்த்தாள்.

மை விரலோடு வந்தது. அடியில் கட்டம் வந்ததும் பார்த்த அதே வெள்ளை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குப்பியின் மூடியைத் திறந்தாள்.

“அழிச்சிட்டீங்களே நர்சம்மா” என்று மாடத்தி குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம் மகனை மடியில் மல்லாத்தி, அவன் திமிறத் திமிற, தானே வாயைத் திறந்து பிடித்தாள்.