சாயம் ஏறாத வாத்து

நான்கு ஆண்டுகளுக்கு முன் சுலோசனா தன் மூன்று மாதப் பெண்குழந்தையைப் பிள்ளையில்லாத நாத்தனார் மரகதத்துக்குத் தத்துக் கொடுத்தாள். இப்போது சுலோசனா மீண்டும் எட்டு மாதச் சூலியாயிருக்க, அக்குழந்தைக்குச் சிறுத்துப்போன சட்டைகள் மட்டும் மூட்டையாகத் திரும்பி வந்தன.

“எல்லாம் வெளுத்துக் கெடக்கு. நீலத்துல முக்கிடு சுலோ, புதுசாட்டம் ஆயிடும்,” என்றாள் மரகதம்.

சுலோசனா வாளியில் வெந்நீர் ஊற்றிச் சாயத்தைக் கரைத்து ஒவ்வொன்றாக முக்கியெடுத்தாள். சட்டைகள் யாவும் நீலமாயின. ஒன்றன் கழுத்தோரத்தில், குழந்தையைக் கொடுப்பதற்கு முதல்நாள் அவள் தைத்திருந்த மஞ்சள் வாத்து மட்டும் நிறம் மாறவில்லை. செயற்கை நூலில் அந்தச் சாயம் ஏறாது.

மரகதத்தின் மகளாக வளர்ந்து, இப்போது அவளோடு வந்திருந்த நான்கு வயதுச் சிறுமி தேன்மொழி அதை விரலால் தடவினாள்.

“அத்தை, இது நான் போட்ட சட்டையா? இந்த வாத்து யாரு தச்சது?”

சுலோசனா வாய் திறக்குமுன் மரகதம் முந்திக்கொண்டாள்.

“கடையில வாங்கினதுடி கண்ணு. சுலோ, இன்னொருவாட்டி முக்கு. அதுலயும் ஏறிடும்.”

“சரிங்கண்ணி,” என்று சொல்லிக்கொண்டே சுலோசனா வாளியைச் சாய்த்து, எஞ்சிய நீலம் முழுவதையும் சாக்கடையில் விட்டாள்.