மாவு பிசைபவள்

அந்த நாட்டு மொழியில் தலைவன் என்ற சொல்லுக்கு ரொட்டியைக் காப்பவன் என்று அர்த்தம்; தலைவிக்கு மாவு பிசைபவள். கணவன் போரில் செத்த பிறகு இரண்டு பெயரும் ஹில்டகித்துக்கே வந்து சேர்ந்தன. அவள் கோட்டையை அரசன் ஓஸ்பெர்னின் படை பன்னிரண்டு நாளாக வளைத்துக் கிடந்தது. மழையில் தானியம் அழுகிப்போய் அவன் ஆட்கள் பட்டினி கிடப்பது மதில்மேலிருந்தே தெரிந்தது.

"இதுதாம்மா கடைசி மாவு. இதைப் போய் எதிரிக்கா?" என்றான் தளபதி.

"ரொட்டி சுடச் சொல்லு."

விடிந்ததும் மதிலிலிருந்து சுடச்சுட ரொட்டிகள் விழுந்தன. யார் கொடுத்த ரொட்டியைத் தின்றாலும் அவர்மேல் வாளெடுக்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படைவீரர்களுக்கும் தெரியும். ஆனால் வாசனை விடவில்லை. முதலில் ஒருவன் குனிந்தான், பிறகு நூறு பேர். மென்று முடித்தவர்கள் வாளை மதிலோரம் சாய்த்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். குதிரைமேல் ஓஸ்பெர்ன் மட்டும் தனியாக இருந்தான். குளம்படியில் ஒரு ரொட்டி சூடு ஆறாமல் கிடந்தது. அவன் மெல்ல இறங்கினான்.

ஹில்டகித் விரலில் காய்ந்திருந்த மாவை உதிர்த்தாள்.

"கதவைத் திறந்துவிடுங்க. நம்ம ஆளுங்க வெளியில நிக்கிறாங்க."