முத்திரை உடையாத மூட்டைகள்

பூவரச மரத்துத் தேனீக்களும் அதன் அடியில் புற்று வைத்திருந்த எறும்புகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. எறும்புகள் மரத்தைக் காக்கும். தேனீக்கள் எறும்புக் குஞ்சுகளுக்குப் பூந்தூள் அனுப்பும். வழியில் யாரும் கைவைக்காமல் இருக்க, மூட்டைக்கு மெழுகு முத்திரை.

புற்று வாசலில் கட்டெறும்புக் காவலர் இருந்தார். மூட்டை வந்ததும் முத்திரையைத் தடவிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், தேனீக்கு ரசீது கொடுப்பார், வரவறையில் அடுக்குவார். அத்தனை கச்சிதம். மூட்டையை யார் பிரிப்பது என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

குஞ்சுகளை வளர்க்கும் செவ்வாயி எறும்பு ஓடிவந்தாள். "அண்ணே, பிள்ளைங்க பசியில சுருண்டு கிடக்குது. ஒரு மூட்டை குடுங்க."

"பிரிச்சா முத்திரை உடைஞ்சிருமே, தாயி!"

"உடைச்சாத்தானே திங்க முடியும்?"

"உடைக்க எனக்கு உத்தரவு இல்லை. சரக்கு பத்திரமா இருக்குல்ல, சந்தோஷப்படு."

செவ்வாயி புற்றைச் சுற்றிப் போனாள். வரவறையின் பின்சுவரில் திருட்டுச் சிற்றெறும்புகள் போட்ட பொத்தல் இருந்தது. மூட்டைகளின் அடியைக் குடைந்து அவை சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. "நகருங்கடா" என்று அவளும் நுழைந்தாள். குஞ்சுகள் அன்று வயிறாரத் தின்றன.

மறுநாள் தேனீ, "அனுப்பினதெல்லாம் நல்லா இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டது.

காவலர் வரவறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு முத்திரைகூட உடையலை" என்று மீசையை நீவிக்கொண்டார்.

பின்பக்கம் பொத்தலில் நுழைய வரிசையில் நின்ற செவ்வாயி, முன்னால் நின்ற திருடனிடம் சொன்னாள்: "எங்க காவலரு ரொம்ப நம்பிக்கையானவரு."