பாதுகாவலர் எண்

“ஸ்டூடண்ட் வரலையாம்மா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டாள்.

“வந்திருக்கேன்,” என்றாள் அவள்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. சுவரோரம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பிறகுதான் விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

குமுதவல்லி. வயது ஐம்பத்தாறு. ஒலிப்பதிவு, ஓராண்டுப் படிப்பு.

“ஐயோ, சாரிம்மா.”

“பரவாயில்லை.”

இது மூன்றாவது திரைப்படப் பள்ளி. முதல் இடத்தில் வயதைக் கேட்டதுமே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் காபி கொடுத்து உபசரித்தார்கள். ஒலிப்பதிவெல்லாம் எதற்கு, நடிப்பில் சேருங்கள், அம்மா வேஷத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்றார்கள்.

அம்மா வேஷம் அவளுக்கு அலுத்திருந்தது.

இங்கே யாரும் வயதைக் கேட்கவில்லை. இருட்டான ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் எதையோ ஓடவிட்டார்கள். என்ன கேட்டது என்றார் ஆசிரியர். அவருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும்.

தகரக் கூரையில் மழை என்றாள். ஆட்டோ ஒன்று கிளம்ப மறுக்கிறது.

வேறு?

மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் அழுகிறாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு.

ஆசிரியர் விளக்கைப் போட்டார். அவளை நிமிர்ந்து பார்த்தார். “எப்ப சேர்றீங்க?” என்றார்.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருட வேலை. காதில் குரல்கள் வந்துகொண்டே இருந்த வருடங்கள். விருப்ப ஓய்வில் வந்தபோது ஒரு தொகை கொடுத்தார்கள். அடுத்த வருடம் கணவர் போனார். அந்தப் பணத்தைத் தொடாதே, உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும் என்று மகன் நிரஞ்சன் மெல்பர்னிலிருந்து சொன்னான்.

இன்னும் வராத நோய்க்காகப் பணம் வங்கியில் காத்திருந்தது.

அவளும்தான்.

“இதை விட்டுட்டீங்களேம்மா.” அந்தப் பெண் படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். பாதுகாவலரின் தொலைபேசி எண்.

“எனக்கு எதுக்கும்மா பாதுகாவலர்?”

“நைட் ஷூட்டிங்லாம் இருக்கும். உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாங்க யாருக்குச் சொல்றது?”

பேனா காகிதத்தின் மேல் நின்றது.

பிறகு எழுதினாள். மனப்பாடமாக இருந்த ஒரே எண். அயனாவரம் வீட்டு எண்.

“ஒரு நிமிஷம், செக் பண்ணிடறேன்.” அந்தப் பெண் மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு எண்களைத் தட்டினாள்.

மணி அடித்தது.

அவள் வீடு ஒலிப்பதை அவள் வெளியிலிருந்து கேட்டாள். கணவர் இருந்தவரை இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். அதன்பின் அவளே எப்போதும் உள்ளே இருந்தாள். இப்போது கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, மடித்து வைத்த கட்டில் வரைக்கும் அந்தச் சத்தம் போய்க்கொண்டிருக்கும்.

நான்கு. ஐந்து. ஆறு.

“யாரும் எடுக்கலையேம்மா.”

“ஆமா.”

“வேற நம்பர் இல்லையா?”

கைப்பேசியைத் திறந்தாள். பார்த்து எழுத வேண்டியிருந்தது. ஒவ்வோர் எண்ணாக, மெதுவாக. மகனுக்கு அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அழைப்பான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா. அந்த மூன்று கேள்விகளுக்கு நடுவே இதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

வங்கி அட்டையைக் கொடுத்தாள். இயந்திரம் ஒரு முறை கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது.

“வெல்கம்மா,” என்று சிரித்தாள் அந்தப் பெண். “திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க.”

படியிறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. நிரஞ்சனிடமிருந்து ஒரு செய்தி.

‘அம்மா, எவனோ உன் பேர்ல சினிமா ஸ்கூலுக்குப் பணம் கட்டியிருக்கான். அங்கேருந்து எனக்கு மெசேஜ் வந்தது. ஃபிராடு. கார்டை உடனே பிளாக் பண்ணு. பயப்படாதே.’

இரண்டாவது முறை படித்து முடிப்பதற்குள் அழைப்பே வந்துவிட்டது.

புதன்கிழமை.

எடுத்தாள்.

“அம்மா! பாத்தியா? யாருக்காவது ஓடிபி சொன்னியா? நெஜமா சொல்லு, திட்ட மாட்டேன்.”

மூச்சிரைப்பும் வண்டிச் சத்தமும் அவன் குரலோடு கலந்து வந்தன. வேலை முடிந்து வேகமாக நடந்துகொண்டிருக்கிறான்.

“ஃபிராடு இல்லப்பா,” என்றாள். “நான் படிக்கப் போறேன்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

டிக். டிக். டிக்.

சாலையைக் கடக்கக் காத்திருப்பவர்களுக்கான சத்தம். அவனிடம் போய் இருந்த இரண்டு மாதங்களில் தினமும் கேட்டிருக்கிறாள். மெதுவாக அடித்தால் நில். படபடவென்று அடித்தால் நட.

அவள் கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நிறையக் காலடிகள் ஒன்றாகக் கிளம்பின. செருப்புகள், பூட்ஸ்கள், ஒரு சக்கரப் பெட்டி. எல்லாம் தூரமாகிப் போயின.

மறுபடியும் மெதுவாக. டிக். டிக்.

மகனின் மூச்சு மட்டும் அதே இடத்தில் இருந்தது.