நாரைக்கு வராத லீவு

வம்பை விலைக்கு வாங்கியது உடும்பு முதலாளிதான். ஏரியின் அக்கரைக்கு முதுகில் சவாரி ஏற்றிப் பறக்கும் கிழநாரை, காய்ச்சலோடு பாறை உச்சிக்குப் போய் அதனிடம் லீவு கேட்டது.

"இவ்வளவு உயரம் பறந்து வந்திருக்கே, உனக்கென்ன காய்ச்சல்? என்னை அக்கரை விருந்துக்குக் கொண்டுபோய் விடு!"

நடு ஏரியில் நாரையின் கண் சொக்கியது. இறக்கை தண்ணீரைத் தொட்டது.

"ஐயோ, நாரையண்ணே! லீவு எடுத்துக்குங்க!"

"இப்பவேவா, முதலாளி?"

"என்னைக் கரையில இறக்கிட்டு!"

நாரை தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தது. உடும்புக்கு உயிர் வந்தது. "விருந்து முடியட்டும். என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு லீவு எடுத்துக்கோ" என்றது.

அது சாப்பிட்டு வருவதற்குள் நாரை ஒற்றைக்காலில் தூங்கிப்போனது. எவ்வளவு உலுக்கியும் எழவில்லை. உடும்பு முட்டிய வயிற்றோடு ஏரியைச் சுற்றி நடந்தே வீடு சேர்ந்தது.

லீவை மட்டும் இன்னும் கொடுத்தபாடில்லை.