விரல் பட்ட சத்தம்

மருந்துக்கடை அணி ஓங்கி அடித்த பந்து, ரொட்டிக்கடைக்காரர் தடுக்க நீட்டிய கைகளைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

வாலிபால் லீக்கின் இறுதி ஆட்டம், கடைசி செட். மருந்துக்கடை பதினான்கு, ரொட்டிக்கடை பதின்மூன்று.

பந்து விரலில் உரசியிருந்தால் மருந்துக்கடைக்குப் புள்ளி, கோப்பையும் அவர்களுக்கே. உரசாமல் போயிருந்தால் ஆட்டம் சமம்.

உரசியதா இல்லையா என்று மேடையில் நின்ற விசிலுக்குத் தெரியவில்லை.

விசில் என்பது அவருடைய பட்டப்பெயர். அச்சகத்தில் முப்பது வருஷம் இயந்திரம் ஓட்டியவர். ஞாயிறு காலையானால் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நடுவராக நிற்க வந்துவிடுவார். இந்த லீக்கில் ஆடுகிறவர்கள் எல்லாம் கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள். தொப்பை இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் கோப்பை என்று வந்துவிட்டால் ஒருத்தரும் லேசுப்பட்டவர் இல்லை.

விரல் நுனியில் பந்து உரசுவதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். காதால்தான் பிடிக்க வேண்டும். சீட்டுக்கட்டைச் சுண்டினமாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அதைத் தனியாகப் பிரித்து எடுப்பதில் அவர் ஒரு காலத்தில் புலி.

அச்சு இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காதைத் தின்றுவிட்டது.

அதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று மனைவி நினைத்தாள். செவிடு என்பதைவிடத் திமிர் மேல் என்று அவரும் விட்டுவிட்டார். காது போன நடுவரை யார் மேடையில் ஏற்றுவார்கள்? இந்த ஞாயிறும் போய்விட்டால் வாரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

தபால்காரர் இருந்தவரை கவலை இல்லை. வாலிபத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். பிறகு இவர் மேடையில், அவர் எதிர்ப்பக்கம் கீழே, இரண்டாவது நடுவராக. விளக்கு கண்ணில் அடிக்கிறது, பந்து உரசினால் ஒரு குறி காட்டு என்று இவர் ஒரு பொய் சொல்லிவைத்தார். ஏன் எதற்கு என்று கேட்காமல், உரசும்போதெல்லாம் தபால்காரர் தன் சட்டைப்பையைத் தொட்டார்.

ஆட்டம் முடிந்ததும் வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி, தாங்கள் ஆடிய காலத்துத் திருட்டுத்தனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விரலே பிசகிக் கிடந்தாலும் பந்து படவே இல்லை என்று சாதித்த காலம் அது. எவ்வளவு நல்ல காலம்.

போன வருஷம் தபால்காரர் மகள் வீட்டோடு இருக்க வேறு ஊர் போய்விட்டார். அடுத்த ஞாயிறு குறி காட்ட ஆளில்லாமல் விசில் மேடை ஏறினார்.

ஆனால் அன்று ஓர் அதிசயம். பந்து விரலில் பட்டவரே கையைத் தூக்கினார். அடுத்த முறை பட்டவரும் தூக்கினார். அடுத்த வாரமும் அப்படியே. நாங்கள் எல்லாம் திருட்டுப் பயல்கள், இந்தக் காலத்து ஆட்கள் தங்கம் என்று ஒரு வருஷமாக மனைவியிடம் சொல்லி மாய்ந்துபோகிறார்.

இப்போது ஒரு கையும் எழவில்லை.

கீழே இரண்டாவது நடுவராக நிற்பவர் போன ஆட்டத்தில் தோற்ற அணி அனுப்பிவைத்த ஆள். தோற்ற அணி ஆள் அனுப்ப வேண்டும் என்பது லீக்கின் வழக்கம். அவர் கடுப்பில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் விசில் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். அதில் ஒரு பேனா இருந்தது.

பன்னிரண்டு பேரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். இன்றோடு குட்டு உடைந்தது என்று நினைத்தார்.

ரொட்டிக்கடைக்காரர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். தொடர்ந்து மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றவர். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கையைத் தூக்கினார், மேடையிலிருந்து நன்றாகத் தெரியும்படி.

விசில் ஊதினார். ஊதியது அவருக்குப் பல்லில்தான் தெரிந்தது.

இறங்கிப் போய் ரொட்டிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதோ சொன்னார். விசில் சிரித்துத் தலையாட்டிவைத்தார்.

புள்ளித் தாளில் கையெழுத்துப் போட மேசைக்கு வந்தார். புள்ளி எழுதுகிறவர் கோப்பைப் பக்கம் போயிருந்தார். கிளிப் அட்டை கவ்வியிருந்த தாள்களைத் தட்டிச் சரிசெய்தபோது அடியில் ஒரு பழைய தாள் நீட்டிக்கொண்டிருந்தது. கோழி கிறுக்கினமாதிரி இருந்த அந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது.

'அணித் தலைவர்கள் கவனத்துக்கு. மேடையில் நிற்கிறவனுக்குக் காது போய் நாலு வருஷம் ஆகிறது. பந்து பட்டவர் தானே கையைத் தூக்கிவிடவும். இதைப் பற்றி ஒருவரும் அவனிடம் மூச்சு விடக் கூடாது.'

கீழே எட்டு அணித் தலைவர்களின் கையெழுத்து. முதல் கையெழுத்து ரொட்டிக்கடைக்காரருடையது. தேதி, தபால்காரர் ஊரைவிட்டுப் போனதற்கு முந்தின நாள்.

விசில் தாளை இருந்த இடத்திலேயே, இருந்தமாதிரியே வைத்தார்.

சாயங்காலம் செல்போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. ஞாயிறு தவறாமல் தபால்காரர் கூப்பிடுவார். இவரும் ஒரு வருஷமாகக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிவந்தார். எதற்கெல்லாம் சரி சொன்னாரோ.

இன்றும் எடுத்துக் காதில் வைத்தார். பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுடா," என்றார். "எனக்குக் காது கேக்கல."