வாயைத் திறங்க

"வாயைத் திறங்க" என்றாள் பல் டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்திருந்த டயர்க்கடைக்காரர் திறந்தார். இடது கன்னம் வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. கீழ்க் கடவாய்ப்பல். சீழ் வைத்துவிட்டது. மூன்று நாளாகத் தூங்காத முகம்.

விளக்கை இழுத்து நேரே வைத்தாள். இந்த முகத்தைப் பத்து நாட்களாகத் தினமும் பார்க்கிறாள், கைப்பேசியில்.

அவர் ஒளிந்துகொண்டு எழுதுகிற ஆள் இல்லை. சொந்தப் பெயர், சொந்தப் படம். படத்தில் பளிச்சென்று சிரிக்கிற முன்பல்லை நாலு வருடத்துக்கு முன்பு கட்டிக் கொடுத்தது அவள்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஊர்வலத்தில் அடிபட்ட ஒரு கல்லூரிப் பெண், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போலீஸ் அறிக்கை விட்டது. அன்று மாலை, அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, டாக்டர் தன் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

'படிக்கட்டில் விழுந்தால் பல் இப்படி உடையாது.'

அதை எடுத்துப் போட்டு முதலில் எழுதியவர் இவர்தான். 'இவ பல்லைப் பிடுங்க யார் யார் வர்றீங்க?'

மூவாயிரம் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

அப்புறம் அவள் நம்பர் வெளியே போனது. மகளின் பள்ளி வேன் நம்பரும் போனது. காலை ஒன்பது மணியானால் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். படியேறுகிறவர்களைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். 'துரோகிகிட்ட பல்லைக் காட்டுறவங்க' என்று அதற்கொரு தலைப்பு.

நோயாளிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நாலாவது நாள் நர்ஸும் நின்றுவிட்டாள். "வீட்ல பயப்படுறாங்க மேடம்" என்று சாவியைக் கொடுத்தபோது அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு டயர்க்கடைக்காரர் போன் செய்தார். உயிர் போகிறது, உடனே வரட்டுமா என்றார். எட்டு மணிக்கு வந்துவிட்டார். வாசலில் அப்போது யாரும் இல்லை.

ஊசியை நிரப்பினாள். மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். சீழ் வைத்த பல் சரியாக மரத்துப்போகாது என்று சொன்னால் எந்த நோயாளியும் நம்புவான்.

முழு அளவும் போட்டாள்.

நாக்கு தடிப்பதற்குள் அவர் சொன்னார். "அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க டாக்டரம்மா. அது அரசியல். இது பல்லு."

பல்லைத் துளைத்தாள். எச்சில் உறிஞ்சுகிற குழாயையும் தானே பிடித்துக்கொண்டாள். சீழ் இறங்கியதும் அவர் தோள்கள் தளர்ந்தன. கண்ணோரம் நீர் வழிந்தது. மூன்று நாள் வலி ஒரு நொடியில் விட்டால் யாருக்கும் வருகிற கண்ணீர்.

மணி ஒன்பதேகால்.

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு டயர்க்கடைக்காரர் முன்கதவுவரை போனார். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். சட்டென்று இரண்டடி பின்னால் வந்தார்.

"பின்பக்கம் ஒரு கதவு இருக்குல்ல டாக்டரம்மா?" பாதி வாய்தான் பேசியது. மறுபாதி தொங்கிக் கிடந்தது.

அந்தக் கதவை வைத்தவர் அவளுடைய அப்பா. இதே அறையில் அவரும் பல் பார்த்தவர். அவர் காலத்தில் இருந்த ஆட்சியில், ஒரே நிறச் சட்டை போட்ட ஆட்கள் இதே படியில் நின்று, உள்ளே போகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நோட்டில் ஏறியவர்களுக்கு வேலை போனது. சிலர் ஆளே காணாமல் போனார்கள். அப்பா ஒரே ராத்திரியில் சுவரை இடித்து, சந்துப் பக்கம் ஒரு கதவு வைத்தார். பயந்தவர்கள் அந்த வழியாக வந்து போனார்கள். ஒருநாள் நோட்டு எழுதியவனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தான். அப்பா அவனுக்கும் பார்த்து அனுப்பினார்.

"இருந்துச்சு" என்றாள்.

திரையை விலக்கிக் காட்டினாள். நிலை இருந்த இடம் முழுக்கப் புதுச் செங்கல். சிமெண்ட் இன்னும் சரியாக வெளுக்கவில்லை.

அவர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"'சாயங்காலம் அவ பின்கதவு வழியா தனியாத்தான் போறா, சந்துல விளக்கும் கிடையாது'ன்னு போன வாரம் எழுதியிருந்தீங்களே. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைச்சுட்டேன்."

டயர்க்கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. எச்சில்தான் வழிந்தது. அவள் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.

"வியாழக்கிழமை வாங்க. உள்ள மருந்து மாத்தணும்."

எல்லா நோயாளிக்கும் செய்வதுபோல முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே இரண்டு கைப்பேசிகள் உயர்ந்தன. வருவது யார் என்று தெரிந்த பிறகும் அவை இறங்கவில்லை.